பேசினால் சாகும் பெட்டி

நான்காம் அத்தியாயம்

"இவ்வளவு ஒழுக்கமான பிள்ளையை நான் ஜெயில்லதான் பாத்திருக்கேன், சித்தி" என்றான் திருப்புளி, சுவர் அலமாரிக்குள் இருந்த கம்ப்யூட்டரை எட்டித் தட்டிக்கொடுத்தபடி.

திரையில் ஒரு லாரி சேற்றுப் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போய்க்கொண்டிருந்தது. காலையிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. மலை ஏறியது, மழையில் நனைந்தது, பள்ளத்தில் கவிழ்ந்து எழுந்தது. லாரிதான் கவிழ்ந்தது. கம்ப்யூட்டர் ஒருமுறைகூட முனகவில்லை.

சித்தி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் யாருக்குச் சித்தி என்றால், முறைப்படி திருப்புளிக்கு மட்டும்தான். அவன் அவருடைய அக்கா மகன். ஆனால் அவன் எல்லார் முன்னாலும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வழக்கோடு வருகிறவர்கள், காவல் நிலைய ஏட்டு, ஒருமுறை கையும் களவுமாகப் பிடிபட்ட நகைத் திருடன் உட்பட எல்லாருக்கும் அவர் சித்தியாகிவிட்டார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்த காலத்தில், எரியாத கடைக்குத் தீ நஷ்டம் கேட்டு வருகிறவர்களைப் பிடிப்பது அவர் வேலை. ஓய்வு பெற்றதும் அந்த மூக்கை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் துப்பறியும் அலுவலகம் திறந்தார். ஊருக்கெல்லாம் சித்தி. வீட்டில் மட்டும் அப்படிக் கூப்பிட ஆள் கிடையாது. வெளியே கிளம்பும்போது ரேடியோவை ஓடவிட்டுவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார். திரும்பி வந்து திறக்கும்போது ஏதாவது ஒரு குரல் இருக்கட்டுமே என்று.

திருப்புளி கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் இருந்தவன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும்; பெயரும் அதுவே ஆகிவிட்டது. "வைரஸ் கம்ப்யூட்டர்ல இல்ல சார், அதைத் தொடற கையில இருக்கு" என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னதால் கடைக்காரர் அவனை வீட்டுக்கு அனுப்பிவைத்தார். சித்தி அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா?" என்றார் வாசல்படியில் நின்றிருந்த சர்வேயர். "நீங்க இருந்தா ஓடும். கடைக்குத் தூக்கிட்டுப் போனா ஓடும். நான் உக்காந்தா மட்டும் செத்துடும்."

சர்வேயர் என்பது அவர் தொழில். நிலம் அளப்பவர். நாற்பதைத் தாண்டிய, மெலிந்த மனிதர். சட்டையில் தேய்ப்பு இல்லை, முகத்தில் தூக்கம் இல்லை. வழக்குக்கு உரியவர் அவர்தான்.

"எந்த மாதிரி சாகும்?" என்றான் திருப்புளி. "முன்னாடியே சொல்லிட்டுச் சாகுமா, பொசுக்குனு போகுமா?"

"கொஞ்ச நேரம் நல்லா ஓடும். அப்புறம் ஃபேன் கத்த ஆரம்பிக்கும். கத்திக்கிட்டே இருந்து பட்டுனு அணைஞ்சுடும். கடைக்காரங்க மெமரி மாத்தினாங்க, பவர் சப்ளை மாத்தினாங்க, எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டாங்க. கடைசில உங்க வீட்டு கரன்ட் சரியில்லன்னுட்டாங்க."

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்" என்றான் திருப்புளி. "ஆனா அணையறதுக்குக் காரணம் சூடுதான் சித்தி. விளையாட்டு ஓடினா இது அடுப்பு மாதிரி கொதிக்கும். வேற வேலைக்கு இவ்வளவு சூடு வராது. அளவுக்கு மீறினா உள்ள எரிஞ்சு போகாம இருக்கத் தன்னைத்தானே அணைச்சுக்கும். ஆனா ஏன் சூடாகுதுன்னுதான் தெரியல. உள்ள ஒரு தூசி இல்ல. ஃபேன் எல்லாம் சுத்துது."

"ஏன்னு எனக்குத் தெரியும்" என்றார் சர்வேயர் மெல்லிய குரலில். பக்கத்து அறைப் பக்கமாகக் கண்ணைக் காட்டினார். "அவர்தான்."

அவர் என்பது அவருடைய மாமனார். போன வருடம் சர்வேயரின் மனைவி இறந்துபோனாள். நாள்பட்ட நோய் ஒன்றும் இல்லை. காலையில் வேலைக்குப் போனவள், சாயங்காலம் வரவில்லை. வீடு மாமனாருடையது. மாடியில் இருந்தவர், முழங்கால் ஒத்துழைக்காமல் கீழே இறங்கி, இந்த அறையை ஒட்டியிருந்த சாமான் அறையைக் காலி செய்து அங்கே கட்டில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர் சாக ஆரம்பித்தது.

"நான் வீட்டைக் காலி பண்ணணும்னு நினைக்கறார். நேரா சொல்ல வாய் வரல, இப்படிப் பண்றார். வாடகைக்கு ஒரு ரூம் பாத்து வெச்சுட்டேன். அவர்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா, மனசு உறுத்தாம போயிடுவேன்."

"அந்த ஒரு வார்த்தைக்காகவா எங்களைக் கூப்பிட்டீங்க?"

"ஆமா."

சித்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். போகவேண்டும் என்று தோன்றுகிறவன் போய்விடுவான். போக அனுமதி கேட்டு ஆள் வைத்துத் துப்பறிகிறவன் வேறு ரகம்.

"நீங்க மாமாகிட்ட நேரா கேக்கலாமே?"

"நாங்க பேசிக்கறதில்ல. சண்டைன்னு இல்ல. சாப்பாடு ரெடி மாமாம்பேன். சரி மாப்பிள்ளைம்பார். அதோட சரி." பக்கத்து அறைக் கதவைப் பார்த்தார். "பேச ஆரம்பிச்சா அவளைப் பத்தித்தானே பேசணும்."

*

சித்தி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். "இந்த விளையாட்டு இல்லாம இருக்க முடியாதா உங்களால?"

"இது அவளோடது" என்றார் சர்வேயர். "கம்ப்யூட்டரும், விளையாட்டும். அவளும் அவ சிநேகிதங்க நாலு பேரும் சேர்ந்து ஓட்டுவாங்க. ஆளுக்கொரு ஊர்ல இருக்காங்க. காட்டுப் பாதையில லாரியில சாமான் கொண்டு போய்ச் சேக்கணும், அவ்வளவுதான் ஆட்டம். அவ போனப்புறம் அவங்க போன் பண்ணினாங்க. அவ லாரி சும்மா நிக்குது, நீங்க வந்து எடுங்கன்னாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. முதல் நாள் லாரியை ஸ்டார்ட் பண்ணவே தெரியல. சிரிச்சாங்க. ரொம்ப நாளைக்கு அப்புறம் நானும் சிரிச்சேன்."

"என்ன பேசுவீங்க?"

"அவளைப் பத்தி. வேறென்ன. பாலம் இருந்தாலும் அவ பாலத்துல ஏறவே மாட்டா. லாரியை ஆத்துக்குள்ள எறக்கித்தான் அந்தக் கரைக்குப் போவா. பாதி நேரம் அடிச்சுக்கிட்டுப் போயிடும். ஏன்டி இப்படின்னா சிரிப்பா. இது எங்க அஞ்சு பேருக்கு மட்டும்தான் தெரியும். அவங்க ஒரு கதை சொல்வாங்க, நான் ஒண்ணு சொல்வேன். பாதியில பெட்டி செத்துடும்." அவர் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அந்த நேரத்துல வீட்ல இருக்கற அமைதி இருக்கே... சொன்னா புரியாது."

சித்திக்குப் புரிந்தது. ரேடியோவில் பாட்டரி தீர்ந்துபோன ஒரு சாயங்காலம் அவருக்கும் உண்டு. ஆனால் துப்பறிய வந்த இடத்தில் அதைச் சொல்வதில்லை.

"சரி, எப்பெல்லாம் சாகும்னு சொன்னீங்க. எப்ப சாகலைன்னு சொல்லுங்க. நீங்களே உக்காந்து விளையாடியும் அணையாம ஓடின நாள் ஏதாவது?"

சர்வேயர் யோசித்தார். "ஒரு வாரம் ஓடிச்சு. போன மாசம் எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. குரலே வரல. டைப் பண்ணிக் காமிச்சுத்தான் விளையாடினேன். அந்த வாரம் பூரா ஒண்ணுமே ஆகல."

"தொண்டை சரியானதும்?"

"அன்னிக்கே செத்துச்சு."

திருப்புளி சிரித்துவிட்டான். "அப்போ கோளாறு கம்ப்யூட்டர்ல இல்ல சார். உங்க தொண்டையில. ரெண்டு வாய் சுக்குக் கஷாயம் குடிச்சதை நிறுத்தினீங்க பாருங்க, அங்கதான் தப்பு."

"சிரிக்காத" என்றார் சித்தி. அவர் கண்கள் சின்னதாகிவிட்டன. சித்தியின் கண் சின்னதானால் எங்கேயோ ஒரு பொய் நஷ்டக் கணக்கு கிழியப்போகிறது என்று கம்பெனியில் சொல்வார்கள். "கடையில விளையாடினாங்க, பேசல. ஓடிச்சு. காலையிலேருந்து நீ விளையாடற, விளையாட்டுல பேசல. ஓடுது. இவர் பேசாம விளையாடினார், ஓடிச்சு. பேசினா சாகுது."

"சித்தி, பேசறதுக்குக் கூடுதலா சூடு கிடையாது. சத்தியமா."

"அதனாலதான் இது கம்ப்யூட்டர் கேஸ் இல்ல. இந்த அலமாரிக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

சர்வேயர் அலமாரிக் கதவை முழுதாகத் திறந்து காட்டினார். கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கம், சுவரில் சதுரமாக ஒரு துவாரம், கம்பி வலை போட்டது. "ஃபேன் சத்தம் அவளுக்குப் பிடிக்காது. கதவைச் சாத்தி வெச்சுக்கத்தான் அலமாரிக்குள்ள வெச்சா. சூடு வெளியே போறதுக்குக் கொத்தனாரை வெச்சு இதை உடைச்சா. அப்ப அந்தப் பக்கம் சாமான் ரூம்தானே."

"இப்ப அந்தப் பக்கம் மாமா ரூம்" என்றார் சித்தி, எழுந்துகொண்டே.

*

மாமனார் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அகலமான தோள், பெரிய கைகள். அந்தக் கைகளுக்குள் ஊசி காணாமல் போய்விட்டது போலிருந்தது. சித்தியைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார்.

"உக்காருங்க ஐயா. நாங்க கம்ப்யூட்டர் பாக்க வந்தவங்க."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. இந்தக் காது அவுட். இந்தப் பக்கம் வாங்க" என்று உரக்கச் சொன்னார். அவர் குரல் அறையை நிறைத்தது. காது மந்தமானவர்கள் எல்லாரையும் மந்தம் என்று நினைத்துப் பேசுவார்கள்.

சித்தி நல்ல காதுப் பக்கம் போய் உட்கார்ந்தார். கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது. சுவரில், உட்கார்ந்தால் இடுப்புக்கு வருகிற உயரத்தில் அந்தச் சதுரத் துவாரம். அதிலிருந்து வெதுவெதுப்பான காற்று, வெந்நீர்ப் பானை மூடியைத் திறந்தது போல, இரைச்சலோடு வந்துகொண்டிருந்தது. அதற்குச் சற்று மேலே விரல் நுழைகிற அளவுக்கு இன்னொரு சின்ன ஓட்டை. எந்தக் காலத்திலோ ஒயர் போனது. இப்போது ஒயர் இல்லை.

கட்டிலில் இரண்டு தலையணைகள். ஒன்றின் நடுவில் தலை எண்ணெய்க் கறை. இன்னொன்றில் எண்ணெயே இல்லை. நடுவில் சாம்பல் நிறத்தில் சதுரமாகத் தூசி படிந்து, அதில் கம்பி வலையின் கட்டம்கூடத் தெரிந்தது.

"சத்தமா இருக்குமே ஐயா, தூங்க முடியுதா?"

"அது ஒரு ஓரமா ஓடிக்கிட்டிருக்கும். பஸ் எஞ்சினுக்கு முன்னாடி இதெல்லாம் என்ன?"

"மாப்பிள்ளை ரூமுக்குப் போவீங்களா? விளையாடறதைப் பாக்க?"

"அது அவங்க ரூம்மா. நான் காலடி வெச்சதில்ல."

"உங்க மகள் லாரி நல்லா ஓட்டுவாங்களாமே?"

பெரியவரின் முகம் சட்டென்று மலர்ந்தது. "எங்க நல்லா ஓட்டினா? கண் முன்னாடி பாலம் இருக்கும். அதை விட்டுட்டு ஆத்துக்குள்ள எறக்குவா..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திக்கொண்டார். ஊசியை மறுபடி துணியில் குத்தினார். "யாரோ சொல்லக் கேட்டேன்" என்றார், இம்முறை மெதுவாக.

வெளியே வந்ததும் திருப்புளியின் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார் சித்தி.

"தலை வெக்கற தலையணையில எண்ணெய் இருக்கும். அவர்கிட்ட ஒரு தலையணையில தூசி இருக்கு. கம்பி வலை அச்சோட."

"ஓட்டையை அடைக்கறார்!" திருப்புளி விரலைச் சொடுக்கினான். "சூட்டுக் காத்து வெளியே போக வழியில்லாம பெட்டி வேகுது. நாங்க கடையில எல்லாத்தையும் கழட்டிப் பாப்போம் சித்தி, சுவரைக் கழட்டிப் பாக்க மாட்டோம். சரி, ஆள் கிடைச்சாச்சு. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிட்டுக் கிளம்பலாம்."

"எப்படின்னு கிடைச்சாச்சு. ஏன்னு கிடைக்கல. மாப்பிள்ளையைத் துரத்தணும்னு அடைக்கறவர், மாப்பிள்ளைக்குத் தொண்டை கட்டின வாரம் ஏன் அடைக்கல? தொண்டை கட்டினவன் மேல இரக்கமா?"

திருப்புளி சொடுக்கிய விரலை மடக்கிக்கொண்டான்.

"இன்னொண்ணு. ஆத்துக்குள்ள லாரி எறக்கற கதை அஞ்சு பேருக்குத்தான் தெரியும்னார் இவர். ஆறாவதா ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு. இன்னிக்கு அவங்க கூட்டம் எப்போ?"

"விடுமுறை நாள். மதியமே வந்துடுவாங்களாம்."

"அப்ப நாம கிளம்பறோம். சத்தமா."

*

மதியம், "ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல, போயிட்டு வரோம்" என்று பெரியவருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லி, வாசல் கதவை அடித்துச் சாத்திவிட்டு, சித்தி சமையலறை வழியாகத் திரும்ப உள்ளே வந்தார். திருப்புளி ஏற்கெனவே சர்வேயரின் அறையில், கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். திரையின் மூலையில் சூட்டின் அளவு தெரியும்படி ஏற்பாடு செய்திருந்தான். சர்வேயர் வழக்கம்போல் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அலமாரிக் கதவையும் அறைக் கதவையும் சாத்திக்கொண்டார்.

சித்தி கூடத்தில், பெரியவரின் அறைக் கதவு கண்ணில் படுகிற இடத்தில், சுவரோரமாக நின்றார். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து சர்வேயர் பேசுவது வார்த்தை புரியாத முணுமுணுப்பாகத்தான் வந்தது. நடுவில் ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பு வந்ததும் பெரியவர் அறையில் கட்டில் கிறீச்சிட்டது.

கதவு பாதி திறந்திருந்தது. சித்தி எட்டிப் பார்த்தார்.

பெரியவர் கட்டிலில் சுவரைப் பார்த்து மடங்கி உட்கார்ந்திருந்தார். தூசி படிந்த தலையணையை இரண்டு கையாலும் துவாரத்தில் வைத்து அழுத்தினார். ஃபேனின் இரைச்சல் அடங்கியது. பிறகு குனிந்து, தன் நல்ல காதை, மேலே இருந்த சின்ன ஓட்டையில் வைத்துக்கொண்டார்.

கண்ணை மூடிக்கொண்டார். உதடு மெல்ல விரிந்தது. சுவருக்கு அப்பால் இருந்து யாரோ சொல்கிற கதைக்குத் தலையாட்டினார்.

எத்தனையோ பொய்களைக் கதவிடுக்கில் நின்று பார்த்த சித்திக்கு, அந்த இடத்தில் நிற்கவே கூச்சமாக இருந்தது. பிறர் குளிப்பதைப் பார்த்துவிட்டது போலிருந்தது. போகவும் கால் வரவில்லை. தான் பேசுவதைக் கேட்க இப்படி ஒருவர் சுவரில் காதை வைத்த நாள் தன் வாழ்க்கையில் உண்டா என்று ஒரு நினைப்பு வந்தது. அதை வந்த வழியே அனுப்பினார்.

உள்ளே சூடு ஏறியிருக்க வேண்டும். ஃபேன் சுழற்சி கூடி, தலையணையை மீறி இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. பெரியவர் முகத்தைச் சுளித்து இன்னும் பலமாக அழுத்தினார். ஃபேன் இன்னும் கத்தியது. அவர் தன் பஸ் டிரைவர் தோள் மொத்தத்தையும் கொடுத்து அழுத்தினார்.

பட்டென்று எல்லாம் நின்றது.

பெரியவர் காதை எடுக்கவில்லை. குரல் திரும்ப வருமா என்று அப்படியே இருந்தார். வரவில்லை என்று ஆனபிறகு, தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சித்தி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பெரியவர் திடுக்கிட்டார். ஆனால் மறைக்க முயலவில்லை.

"நீங்க போகலையா?"

"போகல ஐயா. என்ன கதை ஓடிச்சு இன்னிக்கு?"

பெரியவர் அந்தச் சின்ன ஓட்டையைப் பார்த்தார். "இவருக்கு முதல் முதலா அவ டீ போட்டுக் கொடுத்தது. சக்கரைக்குப் பதிலா உப்பு. இவர் முழுசா குடிச்சுட்டு நல்லாருக்குன்னாராம். எனக்கு இது தெரியவே தெரியாதும்மா." அவர் தலையணையைத் தடவினார். "இந்த வீட்ல அவ பேச்சே கிடையாது. நானும் எடுக்கறதில்ல, மாப்பிள்ளையும் எடுக்கறதில்ல. இந்தச் சுவருக்குள்ளதான் அவ இருக்கா. காத்துச் சத்தத்துல சரியா விழாது. அதுக்குத்தான் இதை வெச்சுக்கறேன்."

"கதை பாதியில நின்னுடுமே?"

"தினம் நிக்கும். அழுகை வந்து நிறுத்திடறாங்கன்னு நெனப்பேன். அந்த நேரத்துல போய்க் கதவைத் தட்டலாமா? முறையில்லையே. அதனால இங்கயே உக்காந்திருப்பேன்."

சித்தி அவர் நல்ல காதுக்கு அருகில் குனிந்து, தலையணைக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள தொடர்பைச் சொன்னார்.

பெரியவரின் பெரிய கைகள் தலையணையிலிருந்து விலகின. நெருப்பைத் தொட்டது போல.

"நானா? நானா அவங்க பேச்சை நிறுத்தினேன்?"

*

கூடத்தில் சர்வேயர் காத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் திருப்புளி.

"மறுபடி செத்துச்சு. பாத்தீங்களா? அவர்தானே?"

"அவர்தான்" என்றார் சித்தி.

சர்வேயர் தலையாட்டினார். கேட்ட வார்த்தை கிடைத்துவிட்டது. ஆனால் நிம்மதி வந்தவர் முகமாக இல்லை. கடைசிவரை அது பொய்யாக இருக்காதா என்று நினைத்திருந்தவர் முகமாக இருந்தது. "சரி. தேங்க்ஸ்" என்று அறைப் பக்கம் திரும்பினார்.

"நிலம் அளக்கறவர் நீங்க. ஒரு கோணத்துலேருந்து மட்டும் பாத்து எல்லைக் கல் நடுவீங்களா?"

"இனிமே என்ன பாக்கணும்?"

"அவர் எப்படிப் பண்ணினார்னு. உள்ள வாங்க."

சித்தி கண் காட்ட, திருப்புளி பெரியவரைக் கைத்தாங்கலாக வெளியே அழைத்து வந்தான். கூடத்தின் நடுவில் மாமனாரும் மருமகனும் எதிரெதிரே வந்தார்கள். "மாப்பிள்ளை..." என்றார் பெரியவர். சர்வேயர் தரையைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்.

"எனக்கு அதுல என்ன தம்பி தெரியும்?" என்று பெரியவர் கேட்பது காதில் விழுந்தது.

"பஸ் ஓட்டினவர்தானே, லாரி ஓட்ட மாட்டீங்களா? இதுல ஒரு சௌகரியம், மோதினா கேஸ் கிடையாது" என்று அவரைக் கம்ப்யூட்டர் அறைக்குள் கொண்டுபோனான் திருப்புளி. கதவு சாத்திக்கொண்டது.

இந்தப் பக்கம், சித்தி சர்வேயரைக் கட்டிலில் உட்காரவைத்தார். தலையணையைக் கையில் கொடுத்தார். "இதை இந்த வலை மேல வெச்சு அழுத்துங்க. காதை மேல இருக்கற ஓட்டையில வைங்க."

"காதையா? எதுக்கு?"

"அவர் அப்படித்தான் உக்காந்திருந்தார்."

சர்வேயரின் கை பாதியில் நின்றது. எதையோ அளந்து பார்க்கிறவர் போல, ஓட்டையையும் தலையணையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையணையை வலை மேல் வைத்து, மெதுவாகக் குனிந்தார்.

அலமாரிக்குள் கம்ப்யூட்டர் உயிர் பெறும் சத்தம். பிறகு, பெரியவருக்கே உரிய உரத்த குரல். ஓட்டையின் பக்கத்தில் நின்ற சித்திக்கும் அது தெளிவாகக் கேட்டது.

"ஹலோ? கேக்குதா?... ஆமாம்மா, அவ அப்பாதான். எல்லாரும் நல்லாருக்கீங்களா?... அப்படியா? உங்க எல்லாருக்கும் என்னைத் தெரியுமா? அவ சொன்னாளா?"

திருப்புளி ஏதோ சொல்ல, பெரியவர் செருமிக்கொண்டார்.

"பாலமா? ஏன் ஏற மாட்டாளா? உங்ககிட்ட சொல்லலையா அவ?... மாப்பிள்ளைக்கும் தெரியாதா?"

சர்வேயர் காதைச் சுவரில் இன்னும் நெருக்கமாக வைத்தார்.

"சின்ன வயசுல லீவு விட்டா என் பஸ்லதான் வருவா. எஞ்சின் பக்கத்துல, எனக்குப் பக்கவாட்டுல உக்காந்துக்குவா. வேற இடமே பிடிக்காது. ஒரு நாள் நல்ல மழை. பெரிய பாலத்துக்கு நட்ட நடுவுல டயர் வெடிச்சு வண்டி நின்னுபோச்சு. பக்கத்துல ஒவ்வொரு லாரி போகும்போதும் பாலம் ஆடுது. ஜனங்க கத்தறாங்க. இவ கத்தல. வந்து என் காலைக் கட்டிக்கிட்டா..."

ஃபேன் கத்த ஆரம்பித்தது. குரல் அதில் அமிழ்ந்தது. சர்வேயர் தன்னையறியாமல் தலையணையை அழுத்தினார்.

"...பயப்படாத, பாலம் கெட்டின்னேன். கண்ணை மூடிக்கோன்னேன். மூடல. கம்பி வழியா கீழ தண்ணியையே பாத்துக்கிட்டிருந்தா. ரொம்ப நேரம் பாத்துட்டு, என்னை நிமிந்து பாத்து என்ன சொன்னா தெரியுமா..."

இரைச்சல் ஏறியது. சர்வேயர் தோளைக் கொடுத்து அழுத்தினார்.

பட்டென்று எல்லாம் நின்றது.

சர்வேயர் தலையணையைக் கீழே போட்டார். தன் கைகளைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். அந்தப் பக்கம் சத்தம் இல்லை. வீடு, அவர் சொன்னால் புரியாது என்று சொன்னாரே, அந்த அமைதிக்குள் போய்விட்டது.

சர்வேயர் காதை எடுத்துவிட்டு, ஓட்டையில் வாயை வைத்தார்.

"என்ன சொன்னா, மாமா?"

பதில் இல்லை. காது மந்தமானவர் அல்லவா. சர்வேயர் இன்னும் உரக்கக் கேட்டார்.

"மாமா! அவ என்ன சொன்னா?"

"மாப்பிள்ளை?" என்றது சுவர். "எங்கேருந்து பேசறீங்க?"

"இங்கதான் இருக்கேன் மாமா. சொல்லுங்க."

அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. குரல் இப்போது பக்கத்தில் வந்தது.

"'அப்பா, நாம தண்ணிக்குள்ளயே போயிடலாம்ப்பா'ன்னா. 'அங்க போயிட்டா அதுக்கும் கீழ விழ முடியாதுல்ல'ன்னா."

சர்வேயர் நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கியது சிரிப்பாலா அழுகையாலா என்று சித்தி துப்பறியவில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு வந்தார்.

திருப்புளி அங்கே நின்றிருந்தான். அவனுக்கும் கூடத்தில்தான் வேலை என்று தோன்றியிருக்க வேண்டும். உள்ளே, "அப்புறம் எப்படி மாமா பாலத்தைத் தாண்டினீங்க?" என்று ஒரு குரல் கேட்டது. பெரிய குரல் ஒன்று பதில் சொல்ல ஆரம்பித்தது.

"கிளம்பலாமா, சித்தி?"

சித்தி கூடத்து நாற்காலியை இழுத்து, சுவரோரமாகப் போட்டு உட்கார்ந்தார்.

"கொஞ்ச நேரம் இரு. இதைக் கேட்டுட்டுப் போலாம்."